ஆறு ஒண்ணு, மாவட்டம் ரெண்டு: விம்கோ நகரைத் தாண்டினால் என்ன இருக்கிறது?

விமான நிலையத்திலிருந்து வடக்கே கிளம்பும் மெட்ரோ ரயிலின் நெற்றியில் 'விம்கோ நகர் டிப்போ' என்று எழுதியிருக்கும். தினமும் படிக்கிறோம், அது யார் பெயர்? 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்பதன் சுருக்கம்தான் விம்கோ. தீப்பெட்டி செய்த கம்பெனி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இங்கே வந்தது. பலருக்குச் சென்னை இங்கேயே முடிந்துவிடுகிறது.

உண்மையில் முடிவது இன்னும் வடக்கே, ஆற்றங்கரையில். விம்கோ நகரில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தால் கத்திவாக்கம், எண்ணூர், அடுத்தது அத்திப்பட்டு புதுநகர். எண்ணூரைத் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தில் ஏறும். கீழே பரந்து கிடப்பதுதான் கொசஸ்தலை ஆறு. 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் இந்த ஆற்றில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே திறந்துவிடும் உபரிநீர் வல்லூர் அணைக்கட்டு வழியாக இங்கே வந்து, பக்கிங்ஹாம் கால்வாயோடு கலந்து, முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது.

ரஷ்யாவில் ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றின் பெயர் 'உஸ்த்' என்று ஆரம்பிக்கும். ஆற்றின் வாய் என்று அர்த்தம். லேனா நதிக்கரையில் இருக்கும் உஸ்த்-கூத் அப்படி ஓர் ஊர், அதன் பெயரில் ஒரு மாவட்டமே இருக்கிறது. நம்மிடமும் முகத்துவாரக்குப்பம் இருக்கிறது. ஆனால் ஆற்றின் பெயரில் நிர்வாகம் இல்லை. ஆறு இங்கே வெறும் எல்லைக்கோடு.

தென்கரை சென்னை மாவட்டம், மாநகராட்சியின் முதல் மண்டலம். வடகரை திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. இதுவும் நிலையாக இருந்ததில்லை. திருவொற்றியூர்க்காரர் ஒருவர் வீடு மாறாமலேயே மூன்று மாவட்டம் பார்த்திருப்பார். 1997 வரை செங்கல்பட்டு, பிறகு திருவள்ளூர், 2018-லிருந்து சென்னை. இடையில் 2011-ல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் நகராட்சி அந்தஸ்தை விட்டு மாநகராட்சிக்குள் போயின. ரேஷன் கார்டில் முகவரி மாற்றியே பாதி ஆயுள் போயிருக்கும்!

காகிதத்தில்தான் இந்தக் கோடு. இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் மாவட்டம் கிடையாது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற தென்கரைக் குப்பங்களின் மீனவர்கள் இதே தண்ணீரில்தான் வலை விரிக்கிறார்கள். எதிர்க்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் நிற்கின்றன. அங்கிருந்து கசியும் சாம்பல் ஆற்றுப் படுகையில் படிந்து, ஆழத்தைக் குறைக்கிறது. தண்ணீர் ஒரு துறை, மீன் இன்னொரு துறை, மாசு மூன்றாவது வாரியம். இது போக இரண்டு கலெக்டர் ஆபீஸ். மனுவை எங்கே கொடுப்பது என்பதே ஒரு வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து கச்சா எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இறங்கியபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. எண்ணெய் எல்லை பார்க்கவில்லை. படகு, வலை, அலையாத்திச் செடிகளின் வேர் எல்லாவற்றிலும் தார் போல ஒட்டியது. மீனவர்களே மக்கையும் வாளியையும் வைத்து அள்ளினார்கள். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு 12,500 ரூபாய் அறிவித்தது. ஒரு வலையின் விலை தெரிந்தவர்களுக்கு அந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்.

இந்த ஆற்றங்கரைக்காக டி.எம்.கிருஷ்ணா 2017-ல் பாடிய பாட்டின் பெயர் 'சென்னை புறம்போக்கு பாடல்'. வருவாய்த்துறை ஆவணங்களில் பொதுநிலத்தைக் குறிக்கும் சொல் புறம்போக்கு. நாம் அதைத் திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம்.

பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ரயிலில் வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் முகத்துவாரத்தின் பக்கம் தெரியும், இடப்பக்கம் ஆறு வரும் திசை. விடியற்காலையில் போனால் பாலத்துக்கு அடியில் படகுகளைப் பார்க்கலாம்.