உறுதியும் கையொப்பமும்

உடுப்பிட்டியில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழி வருவன. தாயின் சீதனக் காணி மகளுக்குச் சீதனமாகின்றது. மணமகன் மனைவியின் வீட்டிற் குடியேறுகின்றான். நொத்தாரிசு எழுதிய உறுதியிலும் அவள் பெயரே உண்டு. இதனைக் காட்டி, யாழ்ப்பாணப் பெண் பொருளுரிமை பெற்றவள் எனப் பெருமை பேசுவோர் பலர். அவ்வுரிமை எத்துணை தூரம் செல்லும் என்பதே ஆராயத்தக்கது.

1707இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுத்தனர். 1806இல் ஆங்கிலேயர் அதனை உறுதிசெய்தனர். பின்வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் மனைவியின் தனியுடைமையை ஏற்றது. அசையும் பொருளை அவள் விரும்பியவாறு விற்கலாம். காணியையோ வீட்டையோ கைமாற்றுவதற்கு மட்டும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. ஆயினும் மரணசாசனத்தால் அக்காணியை எவருக்கும் அளிக்க அவளுக்குத் தடையில்லை. இறந்தபின் செல்லும் அவள் சொல், உயிரோடிருக்கையிற் செல்லாதாயிற்று. கணவனுக்கோ தன் காணியை விற்க மனைவியின் கையொப்பம் வேண்டப்படவில்லை.

இதே காலத்திற் பெண்கள் அரசியலுரிமை கேட்டெழுந்தனர். 1927இல் கொழும்பிற் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ்மகள்’ இதழை நடத்தினார். 1931இல் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. எனினும் வாக்களிக்கும் உரிமை வேறு, சட்டம் இயற்றும் அவையில் அமர்தல் வேறு. 1960 யூலைத் தேர்தலின் பின் இலங்கை உலகின் முதற் பெண் பிரதமரைக் கண்டது. ஆனால் 1960 முதல் 1977 வரை நடந்த ஐந்து பொதுத் தேர்தல்களிலும் உடுப்பிட்டித் தொகுதி ஆடவரையே பாராளுமன்றத்திற்கு அனுப்பியது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால்வழிப் பாரபட்சத்தைத் தடுக்கின்றது. 16ஆம் உறுப்புரையோ, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லும் என்கின்றது. ஒரு கை தந்ததை மறு கை மீட்டுக்கொண்டது.

சீதனம் சிதையாது காப்பதற்கே கணவனின் சம்மதம் கேட்கப்பட்டது என வாதிப்பாருண்டு. காணியைச் சிதைப்பவன் கணவனாயின் இக்காவல் யாது பயன்? விற்கச் சொல்பவனும் சம்மதம் அளிப்பவனும் அவனே அன்றோ?

1984இல், இளைஞர்கள் கைதுசெய்யப்பட்டதை எதிர்த்து யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணி வீதிக்கு வந்தது. மகனுக்காகக் கேட்டபோது பெண்ணின் குரலைச் சமூகம் மதித்தது; தனக்காகக் கேட்கையிற் குடும்பத்தைக் குலைப்பவள் என்றது. போரோ அவ்விரண்டையும் ஒன்றாக்கிற்று. கணவன் இருக்குமிடம் தெரியாவிடின் அவனது சம்மதத்திற்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றின் அனுமதியைப் பெறலாம் என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிய வழி. முகாம் முகாமாகக் கணவனைத் தேடி, ‘அவர் எங்கே?’ என்று அரசைக் கேட்டவள், பிள்ளையின் படிப்பிற்காகத் தாய் தந்த வளவை ஈடுவைக்க, ‘அவர் இருக்குமிடம் அறியேன்’ என்று நீதிமன்றில் எண்பிக்க வேண்டும். அவள் கேள்விக்கு விடை தராத அரசே அவளிடம் சான்று கேட்கும் விந்தை இது.

வழமை மக்களுக்காக அமைந்தது. அதனைத் திருத்துதல் இனத்தின் தனித்துவத்தை இழத்தலாகாது. ஆணிடம் கேளாத கையொப்பத்தைப் பெண்ணிடமும் கேளாதிருப்பதே நீதி. அந்நீதியைப் பெண்கள் மட்டுமன்றி, அவ்வளவுகளிற் பிறந்து வளர்ந்த ஆடவரும் கேட்டல் கடன்.