நூறு கோழிக்கு ஒரு குப்பி!

உங்களுக்கு எக்ஸாம் ஃபீஸ் யார் கட்டுறாங்க பாஸ்? அப்பாவா, ஸ்காலர்ஷிப்பா, பேங்க் லோனா? எனக்குக் கட்டினது பதினொரு பெட்டைக்கோழியும் ஒரு சேவலும்! சிரிக்காதீங்க, நிஜம். ஃபர்ஸ்ட் இயர்ல ரெண்டு செமஸ்டர் ஃபீஸும் எங்க அப்பத்தாவோட சுருக்குப்பையில இருந்துதான் வந்துச்சு. அத்தனையும் முட்டைக் காசு.

அந்தப் பன்னிரண்டையும் ஒரே வாரத்துல காலி பண்ணினவன் நான்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

எங்க ஊர் மதுரை மாவட்டம், திருமங்கலம் பக்கம். அப்பத்தா படிச்சது மூணாங்கிளாஸ். ஆனா கோழி விஷயத்துல டாக்டர் பட்டமே கொடுக்கலாம். நாட்டுக்கோழி ஒரு ஈடுக்குப் பன்னிரண்டு, பதினஞ்சு முட்டை போட்டுட்டு, இறகைச் சிலுப்பிக்கிட்டு உட்கார்ந்துடும். கிட்ட போனா கொத்தும். அதுதான் அடைக்கோழி. கூடையில மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, ஒரு வாரத்துக்கு மேல பழசாகாத முட்டையா பத்து, பதினொண்ணு பொறுக்கி வைக்கும் அப்பத்தா. கூடவே இரும்புத்துண்டு ஒண்ணு, காஞ்ச மிளகாய் ரெண்டு. "எதுக்கு அப்பத்தா?"ன்னா, "இடி இடிச்சா கரு கலங்காம இருக்கடா"ங்கும். நான் பி.எஸ்ஸி ஃபிஸிக்ஸ். வாயைத் திறக்கவே மாட்டேன்.

நம்ம பங்குக்கு ஒரே ஒரு சயின்ஸ்தான். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில பிடிக்கணும். சிலந்தி வலை மாதிரி சிவப்பா நரம்பு ஓடினா உள்ளே உயிர் இருக்கு. ஒண்ணுமே தெரியாம வெளிச்சம் பளிச்சுனு வந்தா, கரு கூடாத முட்டை. அதை எடுத்துடணும். விட்டா அழுகி, கூமுட்டையாகி, வெடிச்சு, பக்கத்து முட்டையையும் கெடுத்துடும். இருபத்தோராம் நாள் ஓட்டுக்குள்ள 'கீச்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க... ரிசல்ட்ல 'பாஸ்'னு பார்க்குறதைவிட சந்தோஷமா இருக்கும்.

அப்புறம்தான் தினம் ஒரு பஞ்சாயத்து. காலையில காக்கா குஞ்சைத் தூக்கும். மதியம் கீரி வரும். ஒரு பெட்டை நம்ம வீட்டுத் தீவனத்தைத் தின்னுட்டு, பக்கத்து வீட்டு வைக்கோல்படப்புல போய் முட்டை போடும். மழை பெஞ்சு தரை ஈரமானா குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல். வெயில் காலத்துல இறகுக்குள்ள பேன். அதுக்கு அடுப்புச் சாம்பலை மண்ணோட கலந்து ஒரு குழியில கொட்டி வச்சா, கோழியே விழுந்து புரண்டு குளிச்சுக்கும். குஞ்சுக்குத் தீனி? உடைஞ்ச பானையில பழைய சாக்கு, காஞ்ச சாணி போட்டுத் தண்ணி தெளிச்சு, சாயங்காலம் கவுத்து வச்சா விடிஞ்சதும் கரையான் ரெடி. காசே இல்லாத ஃபுல் மீல்ஸ்!

இத்தனையையும் சமாளிக்கிற அப்பத்தாவுக்குப் பயம்னா ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளைக்கழிச்சல்.

செகண்ட் இயர், ஏப்ரல் மாசம். அத்தை ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்துச்சு அப்பத்தா. என் கையில கேட்டரிங் வேலைக்குப் போய் இலை போட்டுச் சம்பாதிச்ச காசு. சந்தையில ரெண்டு வெடக்கோழி, பளபளன்னு கறுப்பும் சிவப்புமா. விலையோ பாதிக்குப் பாதி. 'அப்பத்தா வந்து பார்த்தா அசந்துடும்'னு வாங்கிட்டு வந்து, அன்னைக்கு ராத்திரியே பழைய கோழிகளோட சேர்த்து அடைச்சேன். ஏன் இவ்வளவு மலிவா விக்கிறாங்கன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. வீட்ல நோய் நுழைஞ்சுட்டா, சாகுறதுக்குள்ள காசாக்கிடணும்னு சந்தைக்குக் கொண்டு வர்ற ஆளுங்களும் உண்டு. எனக்கு அது அப்பத் தெரியாது.

நாலாம் நாள் கறுப்பு வெட தூங்கி வழிஞ்சுது. எச்சம் வெள்ளையும் பச்சையுமா தண்ணியாப் போச்சு. ஆறாம் நாள் சேவல் கூவலை. வாயைத் திறந்து மூச்சு வாங்குச்சு, கழுத்து திருகிக்கிச்சு. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டரம்மா பார்த்ததும், "தடுப்பூசி போட்டிருக்கா?"ன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். "இது வைரஸ் தம்பி. வந்தப்புறம் மருந்து கிடையாது. வராம தடுக்கத்தான் முடியும்."

1926-ல இங்கிலாந்துல நியூகாசில் பக்கம் கண்டுபிடிச்சதால, உலகம் முழுக்க இதுக்கு நியூகாசில் நோய்னு பேரு. நம்ம நாட்டுல ராணிகேத்ங்கிற மலை ஊர்ல அடையாளம் கண்டதால ராணிகேத். எந்தப் பேரைச் சொன்னா என்ன? பத்தாம் நாள் எங்க பஞ்சாரம் காலி. எங்க வீட்டோட நிக்கலை. மேய்ச்சல்ல கலந்த மூணு வீட்டுக் கோழியும் போச்சு.

அப்பத்தா வந்துச்சு. காலி பஞ்சாரத்தைப் பார்த்துச்சு. "புதுசை மூணு வாரம் தனியாப் போட்டிருக்கலாம்ல?" அவ்வளவுதான். திட்டலை. செத்ததை ஆழமாக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடச் சொல்லுச்சு. கூட்டைக் கொளுத்தி, சுவருக்கு வெள்ளையடிச்சு, ரெண்டு மாசம் சும்மா போட்டோம். திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும் பாஸ். அந்த செமஸ்டர் ஃபீஸ் என் கேட்டரிங் காசு பாதி, அப்பத்தா கம்மல் அடகு பாதி.

ஜூன் மாசம் கீழத்தெரு அத்தை வீட்ல ஒரு அடைக்கோழியை வாரத்துக்கு வாங்கினோம். அதாவது கோழியும் முட்டையும் அவங்களுது, வளர்க்கிறது நாம, வர்ற குஞ்சுல பாதிப் பாதி. அவங்க கோழி மட்டும் எப்படித் தப்பிச்சுது? வருஷா வருஷம் ஊசி போடுறாங்களாம்!

பதினொரு முட்டையில ஒன்பது பொரிச்சுது. ஒண்ணைக் காக்கா தூக்குச்சு. மிச்சம் எட்டு. ஏழாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் கண்ணுல ஆளுக்கு ஒரு சொட்டு. நாலாவது வாரம் இன்னொரு தடவை. ரெண்டு மாசம் ஆனதும் இறக்கைக்கு அடியில ஊசி. அங்கதான் சிக்கல். "குப்பியில நூறு கோழிக்கு மருந்து இருக்கு. கரைச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். எட்டுக் கோழிக்கு எப்படிப்பா உடைக்கிறது? தெருவையே சேர்த்துட்டு வா, நானே வர்றேன்"னாங்க டாக்டரம்மா.

தெருவைச் சேர்க்கணும்னா, யாரோட கோழி என்னால செத்துச்சோ அந்த மூணு வீட்டுக்கும் போகணுமே! ரெண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூணாம் நாள் மேலவீட்டுப் பெரியம்மா வாசல்ல போய் நின்னு, "சந்தையில கோழி வாங்கி நோயைக் கொண்டு வந்தது நான்தான் பெரியம்மா"ன்னு சொல்லிட்டேன்.

"அது தெரியுமேடா. உங்க அப்பத்தா அன்னைக்கே வந்து சொல்லிட்டுப் போச்சே. 'எங்க வீட்டுக் கோழியாலதான் வந்துச்சு. தலைக்கு ஒரு குஞ்சு தர்றேன், பயலை ஒண்ணும் கேட்டுடாதீங்க'ன்னு மூணு வீட்லயும் சொல்லிருக்கு."

எனக்குப் பேச்சே வரலை.

அந்த ஞாயித்துக்கிழமை விடிகாலையில, யாரும் பஞ்சாரத்தைத் தூக்குறதுக்கு முன்னாடி, டீ ஃப்ளாஸ்க்ல ஐஸ்கட்டியும் மருந்துமா டாக்டரம்மாவும் நானும் தெருவுல இறங்கினோம். அவங்க ஊசி, நான் பிடி. நல்லா இருக்கிற கோழிக்குத்தான் போடணும், சோர்ந்ததுக்குப் போடக் கூடாது. பதினாலு வீடு, 87 கோழி. என் கையில எத்தனை கீறல்னு எண்ணலை.

எட்டுல நாலு அத்தைக்குக் கொடுத்தோம். எங்க பங்கு நாலுல மூணு, அப்பத்தா வாக்குக் கொடுத்த மூணு வீட்டுக்கு. மிச்சம் ஒரே ஒரு பெட்டை. அதுல இருந்துதான் இன்னைக்கு இருக்கிற ஒன்பதும். ஃபைனல் இயர் ஃபீஸுக்கு இன்னும் பத்தாது. ஆனா போன மாசம் கம்மல் அப்பத்தா காதுக்குத் திரும்பி வந்துடுச்சு.

இப்ப உங்க டர்ன். உங்க வீட்லயோ, தாத்தா பாட்டி வீட்லயோ நாலு கோழி நிக்குதா? இந்த லீவுக்குப் போறப்ப ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஊசி போட்டாச்சா?" தமிழ்நாட்டுல கால்நடைத் துறை பிப்ரவரி மாசம் ரெண்டு வாரம் இதுக்குன்னே முகாம் போடுறாங்க, இலவசம்தான். விசாரிச்சு வைங்க. சந்தையில மலிவாக் கோழி கிடைச்சா, ஏன் மலிவுன்னு கேளுங்க. வாங்கினா மூணு வாரம் தனியா விடுங்க. நம்ம வீட்டுக் கோழிக்கு மட்டும் ஊசி போட்டாப் போதாது, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்க. கோழிக்கு வேலி தெரியாது பாஸ். நோய்க்கும்தான்.