வேதாளத்தின் பெண்டாட்டி

கீழத்தெரு முனை சலூன் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? ஓலைக் கொட்டகை, ரசம் போன கண்ணாடி, சுழல் நாற்காலி என்று பெயர் வாங்கிய ஒரு நாற்காலி. அது சுழன்று நாம் பார்த்ததே இல்லை. பொடியன்கள் வந்தால் கைப்பிடிகளின் மேல் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுத் தூக்கி உட்காரவைப்பார்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டும் துணியில் முந்தைய ஆளின் முடி இருந்து குத்தும். படிகாரமும் சவரச் சோப்பும் பவுடரும் கலந்து ஒரு வாசனை. அப்பா சொல்லியனுப்பியது போலீஸ் கிராப். நாம் போனது தினத்தந்தியில் கன்னித்தீவு பார்க்க.

1960-ல் தொடங்கிய படக்கதை அது. நாம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றபோதே சிந்துபாத் ஏதோ ஒரு தீவில் ஏதோ ஒரு பூதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இடுப்பளவு கூட இல்லாத லைலா ஏன் அவனோடு அலைகிறாள், அவளை யார் அப்படிக் குட்டியாக்கினார்கள் என்று பேப்பரில் போடமாட்டார்கள். அதைச் சொல்ல சலூன்காரர் இருந்தார். மந்திரவாதி மூசா லைலாவைச் சிறுக்க வைத்த கதையைச் சொல்லிவிட்டு, கத்தரியைத் தலையிலிருந்து எடுத்துக் காற்றில் இரண்டு வெட்டு வெட்டுவார். "மூசா மொதல்ல நல்லவன்டா. கப்பல்ல சோறாக்கிட்டிருந்தவன். கப்பக்காரன் கூலி குடுக்காம ஏமாத்திட்டான், அதுல மனசு கெட்டுப்போச்சு." நமக்கு மூசா மேல் பாவமாக இருக்கும். பாதித் தலை வெட்டினபடி கிடக்கும். சவரத்துக்குக் காத்திருந்த பெரியவர் பெஞ்சிலிருந்து கேட்பார்: "போன மாசம் அவன் வைத்தியன்னு சொன்னியே?" சலூன்காரர் திரும்பியே பார்க்கமாட்டார். "அது வேற மூசா."

கன்னித்தீவு இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கடை கண்ணாடிக் கதவு போட்டு ஏசி வைத்துக்கொண்டுவிட்டது. காத்திருக்கிறவர்கள் அவரவர் கைப்பேசியைப் பார்த்தபடி இருக்கிறார்கள். போன தடவை போனபோது பேப்பர் மேசைமேல் மடிப்புக் கலையாமல் இருந்தது.

யாராக இருந்தாலும் அவன் எங்கிருந்து வந்தான் என்று தெரிந்துகொள்ளாமல் நம் ஊரில் கதை நகராது. கூத்தில் பார்த்திருக்கிறாயே. சித்திரையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. செய்யாறு, ஆரணிப் பக்கம் பிறந்தவனுக்கு இது சொல்லவேண்டியதில்லை. அவிச்ச மல்லாட்டையை மடியில் கட்டிக்கொண்டு, சாக்கை விரித்துப் போட்டு முன்வரிசையில் இடம் பிடிக்கிறோம். பெட்ரோமாக்ஸ் விளக்கு உஸ்ஸென்று இரைகிறது. இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, பின்னால் துரியோதனன் ஆடுகிறான். கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது, சலங்கை மட்டும் கேட்கிறது. முகவீணை ஒருபக்கம் கிறீச்சிடுகிறது. கட்டியங்காரன் போய்த் திரையைத் தட்டி, "யாருய்யா நீ? எந்த ஊரு? யாரு பெத்த புள்ள?" என்று கேட்கிறான். உலகத்தையே ஆளுகிற ராஜா அந்தக் கோமாளிக்குத் தன் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வரமுடியும். கெட்டவனுக்கும் அந்த நேரம் உண்டு. அவன் பக்கத்தை அவன் சொல்லுவான், நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பாரதத்தில் இடம் கிடைக்காதவர்களுக்குக் கூத்தில் ஒரு முழு ராத்திரி கிடைத்தது. கர்ண மோட்சத்தில் பொன்னுருவி வருவாளே, கர்ணன் பெண்டாட்டி. தேரோட்டி வளர்த்தவன் என்று புருஷனை இளக்காரமாகப் பேசிவிட்டு, கடைசிச் சண்டைக்கு அவன் கிளம்பும்போது அவன் பிறப்பின் உண்மை தெரிந்து கதறுவாளே. வியாசர் புத்தகத்தில் அப்படி ஒருத்தி இல்லை. இல்லாதவளுக்காகத்தான் நம் ஊர்ப் பெண்கள் விடிய விடிய மூக்கைச் சிந்தினார்கள். பொன்னுருவி வேஷம் கட்டியது மீசை மழித்த ஒரு நெசவாளி. மறுநாள் அவர் தறியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நீ, "பொன்னுருவிக்கு பீடி குடிக்கற பழக்கம் இருக்குடா" என்றாய்.

திருவிழாக் கடைகளில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் குவிந்து கிடக்கும். கொண்டித்தோப்பு ரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போட்டது. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை. அர்ச்சுனனுக்கு மதுரையில் ஒரு பெண்டாட்டி, ஆண் வாடையே ஆகாத அல்லி. அவளுக்கு ஒரு பிள்ளை புலந்திரன், அவனுக்கு என்று தனியாக ஒரு கதை. எல்லாம் புகழேந்தி பேரில். தொட்டால் பொடியாகும் தாள்; விரலில் அச்சு மை ஒட்டும். எங்கள் ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ராகம் போட்டுப் படிப்பாள், ஆயா கேட்டு வைத்துக்கொள்வாள். மறுநாள் நமக்குச் சொல்லும்போது அதில் பாதி ஆயாவுடையதாகியிருக்கும்.

சாயங்காலம் வாசல் தெளித்த மண் வாசனை இருக்கும்போதே ஆயா உட்கார்ந்துவிடுவாள். மடியில் சுருக்குப் பை, முன்னால் குட்டி இரும்பு உரல். பல் போனபிறகு வெற்றிலை பாக்கை இடித்துத்தான் போடவேண்டும். ணங் ணங் என்று இடிக்கிற சத்தம் நின்றால் கதை ஆரம்பம். விக்கிரமாதித்தன் கதைதான் அதிகம். தேவலோகத்தில் ரம்பை, ஊர்வசி இரண்டு பேரில் யார் ஆட்டம் உசத்தி என்று தீர்ப்புச் சொல்லப் போனவன், பூச்செண்டுக்குள் தேளை வைத்துக் கையில் கொடுத்தான். அழுத்திப் பிடித்த ரம்பைக்குக் கொட்டியது, தாளம் தப்பியது. நோகாமல் பிடித்த ஊர்வசி ஜெயித்தாள். இந்திரன் மகிழ்ந்து 32 படி, படிக்கொரு பதுமை வைத்த சிம்மாசனம் கொடுத்தான், அதில் ஆயிரம் வருஷம் ஆளும் வரமும் கொடுத்தான். ஆயாவுக்கு இந்த ஆடம்பரம் எல்லாம் இரண்டாம் பட்சம். அவளுக்கு வேண்டியவன் பட்டி.

விக்கிரமாதித்தனும் பட்டியும் ஒரே அப்பாவுக்கு வேறு வேறு தாய் வயிற்றில் பிறந்தவர்கள். ஒருத்தன் ராஜா, ஒருத்தன் மந்திரி. அண்ணனுக்கு ஆயிரம் வருஷம் கிடைத்ததும் தம்பி காளியிடம் போனான். விக்கிரமாதித்தன் தலையைக் கொண்டுவந்தால் உனக்கு இரண்டாயிரம் என்றாள் காளி. ராத்திரி தூங்குகிற அண்ணன் தலையை வெட்டிக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தான். வரம் வந்தது. வாங்கிக்கொண்டு அவன் சிரித்தான். ஆயிரம் வருஷ வரம் வாங்கினவன் கதி இது, உன் இரண்டாயிரத்தை நான் எப்படி நம்ப என்று காளியையே மடக்கினான். அண்ணன் உயிரோடு எழுந்தான். ஆயிரத்தை இரண்டாயிரமாக்க அந்தத் தம்பியே கண்டுபிடித்த யோசனைதான் காடாறு மாசம் நாடாறு மாசம்: சிம்மாசனத்தில் உட்காருகிற மாதங்கள்தான் கணக்கில் சேரும். வக்கீல் மூளை. ஆனால் ஆயா இந்த இடத்தில் நிறுத்துவாள். "தலைய வெட்டிட்டுக் கோயிலுக்கு நடந்தானே, அந்த வழியில இன்னா நெனச்சிருப்பான்?" புத்தகத்தில் அந்த வழி இல்லை. ஆயா அதில் ஓர் ஏரிக்கரையும் நிலா வெளிச்சமும் வைத்தாள். தலை பேசும். "தம்பி, கைய மாத்திப் புடி, உனக்குத் தோள் வலிக்கும்" என்று அந்தத் தலை சொல்லும்.

அம்புலிமாமா வீட்டுக்கு வந்த வருஷம் நமக்குள் பெரிய சண்டையே நடந்தது. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947-ல் தொடங்கிய பத்திரிகை. மெட்ராஸிலிருந்து வந்து இறங்கும்போது வழவழ அட்டையிலிருந்து மை வாசனை வரும். சங்கர் வரைந்த அந்தப் படம்: தோளில் பிணம், கையில் வாள், ராஜா திரும்பிப் பார்க்கிறான், சுற்றிலும் மண்டையோடும் பாம்பும். பழைய வேதாளக் கதை மொத்தம் 25-தான். பத்திரிகை அதை எப்போதோ தீர்த்துவிட்டு, புதுப் புதுக் கதைகளை வேதாளத்தின் வாயில் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை, அது பேசினால் சரி. சங்கர் 2020-ல் தொண்ணூறைத் தாண்டிக் காலமானபோது பேப்பர்களில் எல்லாம் அந்தப் படத்தையே போட்டார்கள். பத்திரிகை அதற்குப் பல வருஷம் முன்பே நின்றிருந்தது.

என் பேத்திக்கு ஒரு அலமாரி நிறைய ஹாரி பாட்டர். ஏழு புத்தகம் போதாதென்று அந்த மந்திரக் குழந்தைகள் படுக்கும் முன் கேட்கிற கதைகள் என்று ஒரு புத்தகம், 2008-ல் வந்தது. டம்பிள்டோர் கிழவனாகாத காலத்துக்குத் தனிப் படம். நன்றாகத்தான் இருக்கின்றன, நானும் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன், அவன் தங்கை அரியானா கதையில் எனக்குத் தொண்டை அடைத்தது. பள்ளிக்கூடக் காவலாள் ஃபில்ச் ஏன் எப்போதும் கடுகடுவென்று இருக்கிறான் என்று கேட்டேன். "அவன் ஸ்குவிப், தாத்தா. மந்திரவாதி வீட்டுல பொறந்தும் மந்திரம் வராது." நல்ல காரணம். "அப்ப அவன் வளக்கற அந்தப் பூனை அவன் தங்கச்சியா இருக்குமோ? யாரோ மந்திரம் போட்டு மாத்திட்டாங்க, இவனால திருப்ப முடியல." கைப்பேசியை எடுத்துத் தேடினாள். "இல்ல தாத்தா. ரௌலிங் அப்படிச் சொல்லவே இல்ல." மறுபடி படத்தை ஓடவிட்டாள்.

வேதாளம் ஆதியில் யார் என்ற கதையை ஆயா ஒரே ஒரு மழைக்காலத்தில் சொன்னாள், நீயும் இருந்தாய். சிவன் பார்வதிக்கு ரகசியமாகச் சொன்ன கதைகளைக் கோயில் ஐயர் ஒளிந்திருந்து கேட்டார். கேட்டதை வீட்டுக்காரிக்குச் சொன்னார். அவள் வாய் சும்மா இருக்குமா, ஊரெல்லாம் பரவியது. பார்வதிக்குக் கோபம், சிவனுக்கு அதைவிடக் கோபம். வேதாளமாகிச் சுடுகாட்டு மரத்தில் தலைகீழாகத் தொங்கு என்று சாபம். பிற்பாடு நூலகத்தில் கதாசரித்சாகரத்தைப் புரட்டினால் அதன் வாசலிலேயே இதன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான்: புஷ்பதந்தன் என்ற சிவகணம், அதே ஒட்டுக்கேட்டல், அதே பெண்டாட்டி. சாபம் மட்டும் வேறு, மனுஷனாகப் பிறக்கவேண்டும். காஷ்மீரத்து சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில் எழுதியது. அங்கே வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். நம் பக்கம் வந்ததும் கொல்லையில் கம்பளிப்பூச்சி மொய்க்கிற முருங்கைக்கு மாறிவிட்டது. எங்கள் கொல்லை முருங்கை காம்பவுண்டு சுவருக்காகப் போனது.

அன்றைக்குச் சாபம் முடிந்ததும் நீதான் கேட்டாய், "அப்ப ஐயரோட பெண்டாட்டி இன்னா ஆனா?" சிவன் அவளை ஒன்றும் செய்யவில்லையே. ஆயாவிடம் பதில் இல்லை. சலூன்காரரிடம் கேட்டோம், அவளும் வௌவாலாகி அதே மரத்தில் தொங்குகிறாள் என்றார். கூத்து வாத்தியார், புருஷன் போனபின் மிச்சக் கதைகளை ஊர் ஊராகச் சொல்லிப் பிழைத்தாள், கூத்தே அவளிடமிருந்துதான் வந்தது என்றார். அவர் தொழில் அவருக்கு. நீ இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி ராத்திரி அவள் குடத்தோடு சுடுகாட்டுக்குப் போய் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், இல்லையென்றால் அந்த வறண்ட மண்ணில் மரம் எப்படித் தழைக்கும் என்றாய். நான் அசந்துபோனேன். ஆயா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "முருங்கைக்கு எதுக்குடா தண்ணி? ஒரு போத்த ஒடிச்சு நட்டுட்டா அதும்பாட்டுக்கு வரும். குடியானவன் வூட்டுல பொறந்துட்டு இது தெரியல" என்றாள். நீ விடுகிறவனா. "புருஷனப் பாக்கப் போறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல ஆயா?"