புதிய பதிப்பு

என் நாவல் ஒன்று இரண்டாம் பதிப்புக் காணப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. வந்தபோது பழைய அச்சுப் பிழைகள் சில நீங்கியிருந்தன. புதிய பிழைகள் சில சேர்ந்திருந்தன. ஆனால் போட்டோக்களைத் திருத்துகிற கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கோ வருஷந்தோறும் புதிய பதிப்பு வந்துவிடுகிறது. ஓர் எழுத்தாளன் பொறாமைப்பட இதைவிட என்ன வேண்டும்?

இந்தப் பொறாமை எனக்கு நெய்க்காரப்பட்டியில் உண்டாயிற்று. பழனிக்குப் பக்கத்தில், மலைத் தொடரைப் பார்த்தபடி, கரும்பும் தென்னையுமாக இருக்கும் ஊர். என் அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊர். அவளுக்கு இப்போது வயது 84.

எங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு படந்தான் உண்டு. 1952-ல் பழனியில் எடுத்தது. மறு வருஷம் அம்மா போய்விட்டாள். அக்காளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு மூன்று. அம்மாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை. அந்தப் படமும் சட்டத்துக்குள் ஈரம் புகுந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது முகத்தின் இடது பாதி உரிந்து கண்ணாடியோடு போய்விட்டது.

"நான் கண்ணை மூடறதுக்குள்ளே அம்மாவைப் பெரிசாப் பண்ணிக் கொடுடா" என்றாள் அக்காள்.

படத்தை எடுத்துக்கொண்டு கடைவீதியில் உள்ள ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரத் தம்பியின் தகப்பனார் நெகடிவின்மேல் கூரிய பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை மறைக்கும் அந்தக் காலத்துக் கைவேலைக்காரர். பிள்ளை கம்ப்யூட்டரில் அதே வேலையைச் செய்கிறார்.

"புதுப் பதிப்பு வந்தா உடனே நம்பி வேலையைக் கொடுக்க மாட்டேனுங்க" என்றார் அவர். "மூணு படம் தனியா வச்சிருக்கேன். ஒண்ணு, சுருக்கம் விழுந்த பாட்டி. இன்னொண்ணு, ஜரிகைப் புடவையோட கல்யாணப் பொண்ணு. மூணாவது, நல்லாக் கறுத்த ஒரு பெரியவர். பாட்டிக்கு வயசைக் குறைக்குதா, ஜரிகையைக் குழப்புதா, பெரியவரை வெளுக்குதான்னு பார்ப்பேன். அப்புறந்தான் மத்ததெல்லாம்."

எத்தனை சுலபமான பரீட்சை! நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் இப்படி மூன்று கேள்வி வைத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் எனக்கு ஒரு சரித்திரப் பாடமே நடத்திவிட்டார். அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் ஆக்கிய போட்டோஷாப் 1990-ல் வெளிவந்தது. 1994-ல், மூலப் படத்தைத் தொடாமல் அதன்மேல் கண்ணாடித் தாள் விரித்தாற்போல் அடுக்கடுக்காக வேலை செய்யும் வசதி வந்தது. 2002-ல் வந்த பதிப்பில் தழும்பை ஆற்றும் தூரிகை. 2010-ல், வெட்டிய இடத்தைச் சுற்றுப்புறம் பார்த்துத் தானே நிரப்பும் வித்தை. 2013 முதல் புதிய பதிப்புகளை விலைக்கு வாங்க முடியாது. வாடகை கட்டி வரவேண்டும். 2023-ல், வேண்டியதை வார்த்தையில் சொன்னாலே வரைந்து கொடுத்துவிடுகிறது. புரோகிராம் திறக்கும்போது தோன்றும் பெயர்ப் பட்டியலில் பல வருஷங்களாகச் சீதாராமன் நாராயணன் என்று ஒரு பெயர் வரும் என்று தம்பி பெருமையோடு சொன்னார். திருச்சியில் எஞ்சினீயரிங் படித்தவராம். காசில்லாதவர்களுக்கு கிம்ப் என்று இலவசமாகவும் ஒன்று இருக்கிறது.

"இதிலே ஒரு பெரிய வித்தியாசம் இருக்குங்க ஐயா. பழைய தூரிகை, கிழிஞ்ச இடத்துக்கு அதே படத்திலிருந்துதான் கடன் வாங்கும். கன்னத்துக்குக் கன்னம், சுவருக்குச் சுவர். புதுசு அப்படி இல்லே. எங்கெங்கேயோ இருக்கிற கோடிக்கணக்கான படத்தைப் பார்த்துப் பழகின பழக்கத்திலே, இங்கே இப்படித்தான் இருக்கணும்னு தானா ஒண்ணைப் போட்டுடும்."

அவரிடம் புதிதாக வந்திருந்த ஒரு புரோகிராமில் (எந்தக் கம்பெனியுடையது என்பது வேண்டாம்) அம்மாவின் படத்தை ஏற்றினார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. முழு முகம் வந்துவிட்டது. இரண்டு கண்களும் என்னையே பார்த்தன. எழுபது வருஷத்துக்கு மேல் நான் பாராத அம்மா! ஸ்டூடியோ என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

பிரதியை எடுத்துக்கொண்டு அக்காளிடம் ஓடினேன். அவள் ஜன்னலருகே போய், படத்தை மூக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கா. யாருடா இவ?" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

"அம்மாவுக்குச் சின்ன வயசிலே மாட்டுக் கொம்பு பட்டு இடது இமை கொஞ்சம் இறங்கியிருக்கும். உனக்கெங்கே தெரியும்?"

தம்பியிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இருக்கிற கண்ணைப் பார்த்து இல்லாத கண்ணைப் போட்டிருக்குங்க. மாடு முட்டினது அதுக்கு எப்படித் தெரியும்? சில இடத்திலே வெல்லத்துக்கு ஹைட்ராஸ் போட்டு வெளுப்பாங்க. பார்க்கிறவங்களுக்கு அந்த மஞ்சள்தான் பிடிக்கும். காய்ச்சினவனுக்குத் தெரியும், நல்ல வெல்லம் கொஞ்சம் கறுப்புன்னு."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புதிய பதிப்பு கெட்டிக்காரத்தனமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பரீட்சிக்க வல்லவள் உலகத்தில் ஒருத்திதான் மிச்சம். அவளும் இல்லாதிருந்தால் முன்பின் தெரியாத ஒரு ஸ்திரீக்கு நான் மாலை போட்டு விளக்கேற்றியிருப்பேன். என் பேரக் குழந்தைகள் அவளையே கொள்ளுப்பாட்டி என்று கும்பிட்டிருப்பார்கள்.

மறுநாள் தம்பி பழைய பதிப்பைத் திறந்தார். இரண்டு நாள் வேலை. சுவரும், புடவை மடிப்பும், தலைமயிரும், கை விரல்களும் அந்தப் படத்திலிருந்தே கடன் வாங்கிச் சரியாயின. இடது கண்ணின் இடம் மட்டும் வெறும் சாம்பல் நிறமாய் நின்றது. அக்காளை ஸ்டூடியோவுக்கு அழைத்துவந்து உட்காரவைத்து, "நீ சொல்லச் சொல்ல இமையை வரையச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம்டா. நான் தப்பாச் சொல்லிட்டேன்னா? அப்படியே விட்டுடு" என்றாள்.

இல்லாத முகங்களை இட்டு நிரப்புவதே என் பிழைப்பு. ஆனாலும் அது கதை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். படத்துக்கு அப்படி ஒரு முதல் பக்கம் இல்லையே!

மூலப் படத்தைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்துத் தனியே வைக்கச் சொன்னேன். திருத்திய படம் இப்போது அக்காள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதன் பின்புறம் பேனாவால் ஒரு வரி எழுதினேன்: "இடது இமை சற்று இறங்கியிருக்கும். இது அக்காள் சொன்னது."

நாற்பது வருஷமாக எழுதுகிறேன். கற்பனை ஒரு துளியும் கலவாமல் நான் எழுதிய வரி அது ஒன்றுதானோ என்று சில சமயம் தோன்றுகிறது.