பிலிகுண்டுலுவில் அளக்காத தண்ணீர்

ஓசூர்ப் பக்கம் என்றாலே ‘குளுகுளுன்னு இருக்குமே’ என்பார்கள். ஓசூருக்கு அது சரி. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்து மேட்டுநிலம் அது. ஆனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் வழியாகப் போகும் சாலை ஒகேனக்கல்லை நோக்கி இறங்குகிறது. அங்கே உயரம் ஓசூரில் பாதிகூட இல்லை. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறேழு டிகிரி சூடு கூடும் என்பது பூகோளப் பாடம். ஒரே சாலை, இரண்டு வெயில்.

மழையும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்று பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறது. ஆடியில் குடகில் அடைமழை பெய்தால் காவிரி இங்கே செந்நிறமாகப் பொங்கும். அதே நாளில் எங்கள் மானாவாரிக் காடு ஈரத்துக்குக் காத்துக் கிடக்கும்.

காட்டுக்குள் இறங்கினால் பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையம் காவிரியை அளக்கும் இடம். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அங்கே வந்துசேர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு மாநிலமும் அந்த அளவுகோலையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. ‘விநாடிக்கு 5,000 கன அடி’ என்று செய்தியில் வரும்போதெல்லாம் எனக்கு அக்காவின் இடுப்பு ஞாபகம் வரும். ஒரு கன அடி என்றால் 28 லிட்டருக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட இரண்டு குடம். அக்கா ஒரு நாளைக்குப் பத்துக் குடம் மேட்டுக்கு ஏற்றினாள். ஐந்து கன அடி. அதை யாரும் எந்தப் பதிவேட்டிலும் எழுதியதில்லை. தம்பி ஒரு குடம் கொண்டுவந்தால் மட்டும் ஊரே பார்த்துச் சிரித்தது.

தண்ணீரைக்கூடச் சமாளித்தாள். அவள் படிப்பை நிறுத்தியது ராகி. (கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில், எத்தியோப்பியா, உகாண்டா பக்கம் முதலில் பயிரான தானியம் இது. வறட்சி தாங்கும், களியாகக் கிண்டினால் பசி தாங்கும். எங்களுக்கு வேறென்ன வேண்டும்?) ஆடி ஆவணியில் விதைத்தால் கார்த்திகை மார்கழியில் அறுப்பு. கதிர் முற்றும் நேரம் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். எங்கள் பக்கத்துக் காட்டிலும் நடமாட்டம் கூடும். ஆண்கள் பரணில் காவல். அரையாண்டுப் பரீட்சையும் அப்போதுதான்.

எங்கள் வீடு ஊருக்கு மேலே, மலைக் குடியிருப்பில். பள்ளிக்கூடத்துக்குக் காட்டுப்பாதை. ஒன்பதாம் வகுப்பில் இருந்த அக்காவை “யானை நடமாட்டம், பொட்டப்புள்ள போக வேண்டாம்” என்று நிறுத்தினார்கள். அதே பாதையில் தம்பியை அப்பா விடிகாலையில் கூட்டிப்போய் விட்டுவந்தார். யானைக்கு இரண்டு பிள்ளைகளும் ஒன்றுதான். அறுப்பு முடிந்தது, யானைகள் திரும்பிப் போயின, அக்கா திரும்பிப் போகவில்லை. பதினேழில் கல்யாணம். பெண்ணுக்குப் பதினெட்டு என்ற சட்டம் மலையேறி வரவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்கள் படிக்காததற்கு மலையையும் காட்டையும் காரணமாக எழுதுகிற அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மலை ஒருவரையும் வீட்டில் இருத்தவில்லை.

இப்போது அக்காவின் மகள் ஒன்பதாவது. ராகிப் பருவத்தில் அக்காவே முன்னால் நடந்து, அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் நாலு பேரையும் சேர்த்துக் கூட்டிப்போகிறாள். போன கார்த்திகையில் இரண்டே நாள்தான் போகவில்லை. யானை பாதையிலேயே நின்றிருந்தது. அன்றைக்குப் பையன்களும் போகவில்லை.