பெவிலியனும் பாப்பாத்தியும்

போன கோடை விடுமுறைக்குத் தங்கை மகன் வந்திருந்தான். தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. வர்ணனையாளர் ஐந்தாவது முறையாக "ஆட்டமிழந்து பெவிலியன் திரும்பினார்" என்றதும் கேட்டான்: "மாமா, எல்லாரும் பெவிலியன் பெவிலியன்னு போறாங்களே, அங்க என்ன இருக்கு?"

"அது ஒரு மண்டபம், மக்ளே."

"கல்யாண மண்டபமா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அப்படியானால் எந்த மண்டபம் என்று சொல்ல வரவில்லை. நாற்பது வருடமாகச் செய்தித்தாளில் வாசிக்கிற சொல். ஒரு நாளும் அதை நிறுத்தி, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்ததில்லை. மறுநாளே நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன், நூலகத்தில் அகராதிகளைப் புரட்ட.

ஆங்கில அகராதி வழி காட்டியது. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்திருக்கிறது. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் அதன் பெயர் 'பாபிலியோ'. பொருள்: வண்ணத்துப்பூச்சி. இரண்டு தடவை வாசித்தேன். அச்சுப்பிழை இல்லை.

ரோமானியப் படைவீரர்கள் தோலால் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர். அந்தக் கூடாரத்துக்கும் 'பாபிலியோ' என்றுதான் பெயர். நடுவே உயர்ந்து இருபுறமும் சரிந்து விரியும் அந்தத் தோலைப் பார்த்த எவனோ ஒருவன் கண்ணுக்குச் சிறகு விரித்த பூச்சி தெரிந்திருக்கிறது. படைக் கூடாரம் பிறகு அரசர்களின் அலங்காரக் கூடாரமானது. துணி போய்ச் செங்கல் வந்தபோது தோட்டத்து மாளிகையானது. இங்கிலாந்தில் பிரைட்டன் கடற்கரையில் ஜான் நாஷ் 1815 முதல் 1822 வரை எழுப்பிய அரண்மனைக்கு ராயல் பெவிலியன் என்று பெயர். வெளித்தோற்றத்தில் நம் ஊர்க் குவிமாடங்களைக் காப்பியடித்த கட்டடம். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இன்றைக்கும் நிற்கும் பெவிலியன் 1889-90இல் கட்டியது. அங்கிருந்துதான் நம் வர்ணனையாளர் வாய்க்கு வந்து சேர்ந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. நான் முடிக்கவிடவில்லை.

என் ஆச்சி வண்ணத்துப்பூச்சியை 'பாப்பாத்தி' என்பாள். தெக்குப் பக்கத்தில் பலரும் அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாபிலியோ, பாப்பாத்தி! திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முசிறி வழியாக ரோமுக்கு மிளகு போனது, சொல்லும் போயிருக்காதா? அடுத்த வாரம் ஒரு சிறு இலக்கியக் கூட்டத்தில் இதை முழங்கிவிட்டேன். கைத்தட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்ததும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப்போனார். "வே, பாப்பாத்தி பார்ப்பானுக்குப் பெண்பால். பூச்சிக்கு அந்தப் பெயர் பிறகு ஒட்டினது. காதுக்கு ஒத்துப்போகுதுன்னு சம்பந்தம் பேசக்கூடாது. இடையில வந்த வடிவம் எங்கே? எந்த நூலில இருக்கு? யார் கொண்டுபோனா?" பத்து நிமிடம் நல்ல மண்டகப்படி.

வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது. 'மண்டகப்படி'யும் மண்டபத்துக் குடும்பம்தானே! திருவிழாவில் சாமியை எழுந்தருளச் செய்து பூசை நடத்தும் மண்டபத்துக்கு, ஆளாளுக்கு முறைவைத்து ஏற்கும் செலவு மண்டபப்படி, பேச்சில் மண்டகப்படி. அதே சொல் கேலியில் திட்டும் அடியுமானது. சாமிக்குக் கொடுத்தது பிறகு எனக்கும் கிடைத்தது.

பாப்பாத்தியை விட்டேன், பூச்சியை விடவில்லை. 1758இல் ஸ்வீடனின் லின்னேயஸ் விலங்கினங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது வண்ணத்துப்பூச்சிகளையெல்லாம் பாபிலியோ என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார். பிற்பாடு மற்றவை பிரிந்துபோக, பின்சிறகில் வால் நீண்ட இனங்கள் பெரும்பாலும் அந்தப் பெயரில் தங்கின. அதில் ஒன்றான பாபிலியோ பாலிடெஸ் முட்டையிடுவது எங்கே தெரியுமா? கறிவேப்பிலையில். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிறதே, அதில்.

மருமகனும் நானும் போய்க் குனிந்து பார்த்தோம். இலைமேல் காக்கை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக்கிடந்தது. அதுதான் இளம்புழு, எச்சம் என்று எண்ணிப் பறவைகள் விட்டுவிடும். பக்கத்து இணுக்கில் வளர்ந்த புழு, இலை நிறத்திலேயே பச்சையாக. ஈர்க்கால் லேசாகத் தொட்டான். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு நீண்டது. ஒரு நெடி அடித்தது. பயல் இரண்டடி பின்வாங்கினான். புழு கொம்பை உள்ளிழுத்துக்கொண்டு மறுபடி தின்னத் தொடங்கியது. ஆச்சி இருந்திருந்தால் புழுவையெல்லாம் பொறுக்கிக் கோழிக்குப் போட்டிருப்பாள். லார்ட்ஸ் பெவிலியனுக்குப் பெயர் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை எங்கள் ரசத்துக்கு வேண்டிய இலையைத் தின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு கண்ட இடமெல்லாம் பெவிலியன். கோயில் நகைக்குப் பேர்போன வடசேரியில் ஒரு கடைக்காரர், வைரத்தில் இடுப்புக்குக் கீழே கூம்பிப்போகும் பகுதிக்கும் பெவிலியன் என்றுதான் பெயர் என்றார். "கவுத்து வச்சுப் பாருங்க, கூடாரம் மாதிரியே இருக்கும்." பிரெஞ்சுக்காரர்கள் எக்காளத்தின் விரிந்த வாய்க்கும் காதுமடலுக்கும் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள். நாகஸ்வரத்தில் அந்த விரிந்த வாய்க்கு நாம் வைத்த பெயர் அணைசு.

இனி, நம் பக்கத்துச் சொற்களுக்கு வருவோம். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குள் நின்றால் செண்பகராமன் மண்டபம், அலங்கார மண்டபம், வசந்த மண்டபம் என்று பெயர்கள் வரிசைகட்டும். அலங்கார மண்டபத்து இசைத்தூண்கள் ஒரே கல்லில் செதுக்கியவை. தட்டினால் தூணுக்கொரு சுரம். வெளியே வந்தால் தெப்பக்குளத்து நடுவே நீராழி மண்டபம். கன்னியாகுமரியில் காந்தியின் அஸ்தியை 1948இல் வைத்திருந்த இடத்தில் 1956இல் எழுந்தது காந்தி மண்டபம். அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியே வெயில் அந்த இடத்தில் விழும். கடலுக்குள் பாறையில் 1970இல் திறந்த விவேகானந்தர் மண்டபம். இத்தனைக்கும் பொதுவான அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதியைப் புரட்டினேன். 'மண்ட' என்றால் வடித்த கஞ்சியின் மேல் தெளிவு. 'ப' என்றால் குடிப்பது. ஆக, 'மண்டப' என்றால் கஞ்சித் தெளிவைக் குடிக்கிறவர்! அதே எழுத்துக்கூட்டலில் அடுத்த பொருள்: விழாவுக்குப் போடும் திறந்த கொட்டகை, கூடாரம், கோயில் மண்டபம். வழிப்போக்கனுக்குக் கஞ்சி ஊற்றிய இடமே மண்டபம் என்று ஒரு கதை கட்ட இதைவிட என்ன வேண்டும்? ஆனால் சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அணி செய்தலைக் குறிக்கும் 'மண்ட்' என்ற வேரைச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு தனித்தனிச் சொற்கள் ஒரே முகத்தோடு பிறந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு அகராதியை மூடினேன்.

அம்பலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் வேடிக்கை வேறு. நாகர்கோவிலுக்குக் கிழக்கே அம்பலம் என்றால் நாலுபேர் கூடும் பொதுவிடம்; மறைத்தது வெளியே வந்தால் 'அம்பலமாச்சு' என்போம். தில்லைச் சிற்றம்பலம்தான் சிதம்பரம். மேற்கே மார்த்தாண்டம், களியக்காவிளை என்று பஸ்ஸில் போகப்போக, அம்பலம் மலையாளக் காதுக்குக் கோயிலாகிவிடும். ஆனால் முன்பு நாமும் இருந்த திருவிதாங்கூரில் சாலையோரச் சத்திரத்துக்கு வழியம்பலம் என்று பெயர். கோயிலாக மாறிய சொல்லின் பழைய பொருள் அந்த வழியோரத்தில் அப்படியே தங்கிவிட்டது.

பந்தலோ கடல் கடந்த சொல். அகநானூற்று 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் காட்டும் திருமணத்தில் கால் நட்ட பெரும் பந்தல் இருக்கிறது, கீழே மணல் பரப்பியிருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்குப் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜரியஸ், 1651இல் வெளியான தம் நூலில், மணப்பெண் வீட்டு வாசலில் கம்பு நட்டுத் தழை பரப்பும் வழக்கத்தை எழுதி, இந்த ஊரார் அதைப் பந்தல் என்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். யூலும் பர்னலும் 1886இல் கொண்டுவந்த ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியத்தில் அது ஏறியது. இன்றைக்கு ஆங்கில அகராதியில் பெவிலியன் இருக்கும் அதே 'பி' எழுத்தில் பந்தலும் இருக்கிறது. அவர்கள் நமக்கு ஒன்று தந்தார்கள், நாம் அவர்களுக்கு ஒன்று தந்தோம், கணக்கு நேர்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பெவிலியன் தூரத்திலிருந்து பார்த்தவன் வைத்த பெயர். அதில் உருவம்தான் இருக்கிறது. பந்தலும் அம்பலமும் உள்ளே உட்கார்ந்தவன் வைத்த பெயர்கள். தண்ணீர்ப்பந்தல், மணப்பந்தல், வழியம்பலம் என்று அந்த இடம் செய்த வேலையையும் சேர்த்துச் சொல்லும். இப்போது எல்லாவற்றையும் 'மண்டபம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட்டு, 'மண்டபம் புக் பண்ணியாச்சா?' என்று கேட்கிறோம். மருமகன் கல்யாண மண்டபமா என்று கேட்டதில் தப்பே இல்லை.

எங்கள் ஊர் முக்கில் ஒரு கல்மண்டபம் இருக்கிறது. நாலு தூண், மேலே கற்பலகை, பக்கத்தில் ஒரு சுமைதாங்கி. சாலையை மேலே மேலே உயர்த்தியதில் மண்டபம் பள்ளத்துக்குள் போய்விட்டது. தூணில் பிளெக்ஸ் கட்டியிருக்கிறது. அங்கே தலைச்சுமையோடு வந்தவர்கள் இளைப்பாறி மோர்ச் சம்பாரம் குடித்ததைச் சொல்ல ஊரில் இரண்டு கிழவர்கள்தான் மிச்சம். அவர்களில் ஒருவர் அதை மண்டபம் என்று சொல்லவில்லை. "நம்ம வழியம்பலமாக்கும்" என்றார்.

உங்கள் ஊர்ச் சாலையோரத்திலும் இப்படி ஒன்று இருக்கும். நாலுவழிச்சாலை வருவதற்குள் போய்ப் பாருங்கள். தூணில் எழுத்திருந்தால் படம் எடுங்கள். ஊரிலேயே மூத்தவரிடம் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கல்லை வேறிடத்தில் நட்டுவிடலாம்; சொல்வதற்கு ஆள் இல்லாமல் போன பெயரை எந்த அகராதியிலும் தேடி எடுக்க முடியாது.