அரை ஏக்கரை விக்க வேணாம் தம்பி

1/ "சார், மண்டையைத் திறக்காம வெளிய இருந்தே அல்ட்ராசவுண்ட் வெச்சு மனச்சோர்வைச் சரி பண்றாங்களாமே? கச்சிராயபாளையத்துல அரை ஏக்கர் கரும்பு இருக்கு. வித்துடறேன். அம்மாவை எங்க கூட்டிட்டுப் போகணும்னு மட்டும் சொல்லுங்க."

ஒரு தம்பி என்னிடம் கேட்டது இது. அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2/ அம்மாவுக்கு ஐம்பது வயசு. ரெண்டு வருஷமா சரியான தூக்கம் இல்லை, சோறு இறங்கலை, கொல்லைப் பக்கம் போறதையே விட்டுட்டாங்க. மூணு மாத்திரை மாத்தியும் பலன் இல்லைன்னு சொன்னதால், முந்தின தடவை சீட்டில் "மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு" என்று எழுதியிருந்தேன். தம்பி அந்த வார்த்தையைப் போனில் தேடியிருக்கிறார். வந்து நின்றது அந்த வீடியோ.

3/ வீடியோ பொய்யா? முழுப் பொய் இல்லைங்க.

சின்ன வயசுல பூதக்கண்ணாடியில வெயிலைக் குவிச்சுக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீங்க. அதே மாதிரிதான். தலைக்கு வெளியே இருந்து அனுப்பும் ஒலி அலைகள் மண்டையோட்டைத் தாண்டி, மூளைக்குள் ஒரு சின்னப் புள்ளியில் குவியும்.

4/ சக்தியைக் கூட்டினால் அந்தப் புள்ளி சூடாகிப் பொசுங்கும். கை நடுக்க நோய்க்கு இந்த முறையை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2016-லேயே அனுமதித்துவிட்டது.

சக்தியைக் குறைத்தால் எதுவும் பொசுங்காது. அங்கே இருக்கும் நரம்பணுக்களின் வேலை மட்டும் கொஞ்ச நேரம் மாறும். மனச்சோர்வுக்கு இப்போ அதிகமா ஆராய்வது இந்தக் குறைந்த சக்தி முறையைத்தான்.

5/ ஏன் இவ்வளவு எதிர்பார்ப்பு? மனச்சோர்வோடு தொடர்புள்ள சில பகுதிகள் மூளையின் ஆழத்தில் இருக்கு. டி.எம்.எஸ். என்கிற காந்தத் தூண்டல் மேலே சில சென்டிமீட்டர்தான் நேரடியா எட்டும். ஆழத்துக்குப் போகணும்னா மண்டையில் துளை போட்டு மின்முனை வைக்கணும். துளை போடாம ஆழத்தைத் தொட முடியுமா என்பதுதான் இந்த ஆராய்ச்சி.

6/ ஆனா இதுவரை நடந்ததெல்லாம் கொஞ்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வுகள். எந்தப் புள்ளி, எவ்வளவு சக்தி, பலன் எத்தனை நாள் நிற்கும், எதுவும் முடிவாகலை. மனச்சோர்வுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை இல்லை. இதைச் செய்றோம்னு யாராவது லட்சக்கணக்குல கேட்டா, தயவுசெய்து உஷாரா இருங்க.

7/ இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லி முடிச்சதும், முன்னாடியே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை அம்மாவிடம் கேட்டேன்.

"ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை நாளும்மா போட்டீங்க?"

முதல் மாத்திரை குமட்டுச்சாம். பத்து நாள்ல நிறுத்திட்டாங்க. ரெண்டாவது தீர்ந்து போச்சு. "இவன் வேலைய விட்டுட்டு என்னைக் கூட்டியாரணுமே சார்." மூணாவதைத் தலைவலி மாத்திரை மாதிரி, மனசு ரொம்பச் சரியில்லாத அன்னிக்கு மட்டும் போட்டிருக்காங்க.

8/ எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

குறைஞ்சது ரெண்டு மருந்தையாவது, சரியான அளவில், ஆறிலிருந்து எட்டு வாரம் தொடர்ந்து போட்டும் தேறலைன்னாதான் அந்த வார்த்தையை எழுதணும். இந்த அம்மாவுக்கு ஒரு மருந்துகூட அந்தக் கணக்கில் வராது. நான் விசாரிக்காம எழுதின ஒரு வரிக்காக அந்தக் குடும்பம் நிலத்தை விக்கத் தயாரா நின்னுச்சு.

9/ திரும்ப முதலில் இருந்து ஆரம்பிச்சோம். ரத்தத்தில் தைராய்டு பார்த்தோம், குறைவா இருந்தது. இதுவும் ஆளைச் சோர்த்துப் போடும். அதுக்கு மருந்து கொடுத்தேன். மனச்சோர்வுக்கு ஒரே ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்கு அப்புறம். "குமட்டல் ஒரு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும், நிறுத்தாதீங்க, பலன் தெரிய சில வாரம் ஆகும்"னு எழுதியும் கொடுத்தேன்.

10/ "சாகணும்னு தோணுதாம்மா?" என்றும் நேரடியாகக் கேட்டேன். தலையாட்டினாங்க. மகனுக்கு அது அப்போதான் தெரியும்.

வீட்டில் இருந்த பூச்சிமருந்தை அன்னிக்கே அப்புறப்படுத்தச் சொன்னேன். அம்மாவைத் தனியா விடாதீங்க, வாரா வாரம் கூட்டிட்டு வாங்கன்னேன். இப்படிக் கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க. கேக்கறதால வராது. கேட்டாதான் காப்பாத்த முடியும்.

11/ மூணு மாசம் கழிச்சு வந்தாங்க. முழுசாச் சரியாகலை. ஆனா ராத்திரி தூங்கறாங்க, சோறு பொங்கறாங்க, சாகிற நினைப்பு விட்டுப் போச்சு. கரும்பும் அப்படியே இருக்கு.

12/ சரியா மருந்து போட்டும் தேறாதவங்க நிஜமாவே உண்டு. அவங்களுக்கு இன்னிக்கே வழி இருக்கு: மருந்தை மாத்தலாம், இன்னொண்ணு சேர்க்கலாம், டி.எம்.எஸ்., கெட்டமின், மின்னதிர்வு சிகிச்சை. சினிமாவுல காட்டற ஷாக் மாதிரி இல்லைங்க. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்க 2017 மனநலச் சட்டம் தடை போட்டிருக்கு. கடுமையான மனச்சோர்வுக்கு இன்னிக்கும் வலுவான சிகிச்சைகளில் அது ஒண்ணு.

13/ 2015-16 தேசிய மனநல ஆய்வுப்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கலை. அல்ட்ராசவுண்ட் ஒருநாள் வரட்டும், நானும் காத்திருக்கேன். அதுவரைக்கும், மருந்து கேக்கலைன்னு யாராவது சொன்னா, "எத்தனை நாள் போட்டீங்க?"ன்னு கேளுங்க. டாக்டரும் கேக்கணும்.

14/ மனசு பாரமா இருந்தா டெலி மானஸ் 14416, இல்லைன்னா 104. ரெண்டும் இலவசம், தமிழ்லயே பேசலாம். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலயும் கேளுங்க. நிலம் எதையும் விக்க வேண்டியதில்லை.